பின் மேசைச் செடிகள்

பெங்களூர்
4.11.2024

அன்புள்ள தங்கை ஞானசுந்தரிக்கு,

அண்ணன் தனசிங் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் அலனும் மருமகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயா? என் காது இன்னும் மந்தமாகிவிட்டது. புதுக் கருவி காதுக்குள் விசில் அடிக்கிறதே தவிர வேறு பிரயோஜனம் இல்லை. ஆகையால் போன் செய்யாதே. செல்லில் நீ அனுப்பும் இரண்டு வரித் துணுக்குகளும் எனக்கு ஒத்துவராது. காகிதத்தில் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அலன் அரவேணுவுக்கு வந்தபோது நம் கிளாஸ் ஹவுசில் எடுத்த படங்களை நேற்றுத்தான் பெரிதாக்கிக் காட்டினான். முன் மேசை திருப்தி. என் 'கிரேஸ்' செடிகள் இரண்டிலும் மொட்டு தெரிகிறது. பிப்ரவரிக் கண்காட்சிக்குச் சரியாக வரும். பின் மேசையில் லேபிள் இல்லாத தொட்டிகள் நிற்கின்றனவே, அவை என்ன? இலையெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறது. நம் வளர்ப்பில் அப்படிப்பட்ட இலை கிடையாது. இலை ஒரே பச்சையாக, அகலமாக இருக்க வேண்டும். பூ தட்டு மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். செருப்பு நுனி மாதிரிப் பை தொங்கும் இந்த ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை முப்பது வருஷமாக நான் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது அதற்காகத்தான். காட்டுச் சாயல் உள்ள செடிக்கு என் மேசையில் இடமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு மேசையைக் கழுவிவிடு.

எறிவதற்கு முன்னால் ஒன்று மட்டும் பார்த்து எழுது. இலை தண்டோடு சேரும் இடத்தில் ஊதாப் புள்ளி இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
தனசிங்


அரவேணு
12.11.2024

என் பிரியமான அண்ணாவுக்கு,

ஞானம் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. தைலம் தேய்க்கிறேன். அந்த வாடைக்கு நாய்கூட என் பக்கம் வருவதில்லை. நீங்கள் காதுக் கருவியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவைப்பதாக அலன் சொன்னான். எனக்குப் புத்தி சொல்லும் முன் அதை எடுத்து மாட்டுங்கள்.

செடிகளை எறிய மாட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள். மாட்டேன் என்று நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவை என்ன செடிகள் என்று கேட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் 'கிரேஸ்' ஒரே ஒரு பூவோடு கண்காட்சிக்குத் தயாராக நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இல்லாமல் எங்கே போகும்! அந்தப் பூவுக்கு உங்கள் மகள் ஜெபிஷா மகரந்தம் வைத்தாள். கலிம்போங் நர்சரியில் வாங்கி அவள் தனியாக வளர்த்த காட்டு வகையின் மகரந்தம். மகரந்தம் ஏறின பூ நிற்குமா? நாலு நாளில் தலையைத் தொங்கப் போட்டது. நீங்கள் கண்காட்சிக்கு வெறுங்கையோடு போனீர்கள். அவள் சசிதரனைக் கல்யாணம் செய்துகொண்டு சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். 'அந்தக் காய அறுத்து எறிஞ்சு போடு ஞானம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் ஜூன் மாதம் பெங்களூர் பஸ் ஏறினீர்கள்.

நான் தலையை ஆட்டினேன். ஆனால் அறுக்கவில்லை. காயை முற்ற விட்டு, பிரஷர் குக்கரில் கொதிக்க வைத்த கண்ணாடிப் புட்டிகளில் விதையைத் தூவினேன். இரண்டு புட்டி பூசணம் பிடித்துப் போயிற்று. ஒன்று முளைத்தது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று பின் மேசையில் முதல் மொட்டோடு நிற்கின்றன.

ஊதாப் புள்ளி சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஒரே காயில் பிறந்தவை, ஒன்றைப் போல ஒன்று இல்லை.

ஜெபிஷா நன்றாக இருக்கிறாள். நீங்கள் விசாரிக்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அன்பு குறையாத,
ஞானம்


பெங்களூர்
29.11.2024

தங்கை ஞானசுந்தரிக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை. அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும். கிளாஸ் ஹவுசின் வடக்குப் பக்கம் கோணியைக் கட்டு.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு பூவைக் கண்காட்சி மேடைக்குக் கொண்டுவர எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். அதைக் கெடுத்த காயை நீ குழந்தை மாதிரி வளர்த்து வைத்திருக்கிறாய். செடி வளர்ப்பவனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நூறு நாற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பாக்கியை எறிய மனசு வராதவன் செடி வளர்க்கக் கூடாது, ஆடு மேய்க்கலாம். குறுகின இதழையும் திட்டு இலையையும் விட்டுவைத்தால் நாளைக்கு யாராவது அதையும் கலந்து, நான் கட்டின இனமே சிதறிப்போகும்.

இவ்வளவுதான் விஷயம். வேறு ஒன்றும் இல்லை. எறிந்துவிட்டு எழுது.

திட்டு, இலையின் மேல்பக்கம் மட்டும்தானா, அடிப்பக்கம் முழுக்க ஊதாவாக இருக்கிறதா?

தனசிங்


அரவேணு
9.12.2024

அண்ணாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கோணி கட்டியாயிற்று. சளிக்கு மிளகும் துளசியும் போட்டுக் குடியுங்கள். மருமகள் கொடுக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள்.

அடிப்பக்கம் சிலவற்றில் ஊதா, சிலவற்றில் பச்சை. போதுமா?

வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவள். உங்கள் பொய் என்னிடம் எடுபடாது. பூ வாடினது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறே சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு, 'சிலோன்காரங்க லயத்து ஊட்டுக்கு எம்புள்ள போறதுக்கு நானு உசுரோட இருக்க மாட்டேன்' என்று கத்தினீர்கள். நானும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணா, அந்தப் பூ வாடாமல் பரிசு வாங்கியிருந்தால் சசிதரனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருப்பீர்களா? பூவைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறீர்கள். அங்கே பாஸ்டரிடம், 'எனக்கு ஒரே பிள்ளை' என்று சொன்னீர்களாம். அலனே வெட்கப்பட்டு என்னிடம் சொன்னான்.

கிரேஸ் அண்ணி போனபோது ஜெபிஷாவுக்கு ஏழு வயது. தலை வாரி, பரீட்சைக்குப் படிக்க வைத்து, காய்ச்சலுக்கு ராத்திரி முழித்து வளர்த்தவள் நான். ஒரே பிள்ளை என்று நீங்கள் சொன்னால் நான் யாரை வளர்த்தேன்?

எறிந்தால் எறிந்ததுதான் என்பது உங்களுக்கே தெரியும். மற்ற ஆர்க்கிட் மாதிரி இதைத் திசு வளர்ப்பில் நகல் எடுக்க முடியாது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. மாட்டேன்.

முதல் பூ நேற்று விரிந்தது. ஜெபிஷாவின் மகள் கீர்த்தனாவுக்கு நாலு வயதாகிறது.

ஞானம்


பெங்களூர்
20.12.2024

அன்புள்ள தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உன்னோடும் நம் வீட்டோடும் இருப்பதாக. பிளம் கேக் கூரியரில் வரும். உனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டுக்கு மேல் சாப்பிடாதே. நான் மாத்திரையை விழுங்கித்தான் வருகிறேன். யார் உனக்கு அப்படிச் சொன்னது?

முதல் பூ விரிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டாய். நாற்பது வருஷம் விலங்கியலும் தாவரவியலும் சொல்லிக்கொடுத்தவள் எழுதும் லட்சணமா இது? மேல் இதழ் எவ்வளவு அகலம்? பக்க இதழ் நேராக நிற்கிறதா, தொங்குகிறதா? பை என்ன நிறம்? கறுப்பு மரு உண்டா? தாய்ச்செடியின் வெள்ளை கொஞ்சமாவது வந்திருக்கிறதா?

புத்தாண்டுக்கு அலன் அங்கே வருவான். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். எறிவதற்கு முன் பதிவுக்கு ஒரு படம் இருக்கட்டும் என்றுதான்.

வேறு செய்தி இல்லை.

தனசிங்


அரவேணு
4.1.2025

பிரியமான அண்ணாவுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். கேக் வந்தது, ஒரு துண்டுதான் சாப்பிட்டேன். ஒரு வேளைக்கு ஒரு துண்டு.

அலன் வந்தான். கிளாஸ் ஹவுஸ் சாவி என் இடுப்பில் இருந்தது. 'அத்தை, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிறனுங்க, அப்பா கொன்னே போடுவாரு' என்று கெஞ்சினான். 'உங்கப்பன் கொல்றதுக்கு மொதல்ல இங்க வரோணுமல்ல, வரட்டும்' என்றேன். கேக் கொடுத்து அனுப்பிவைத்தேன். படம் கிடையாது. அளவும் எழுத மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரி அல்ல. கொஞ்சம் சொல்கிறேன். ஐந்து பூத்திருக்கின்றன. ஒன்றில் பக்க இதழ் இரண்டும் குறுகி, நுனியில் முறுக்கிக்கொண்டு மீசை மாதிரி தொங்குகின்றன. இன்னொன்றுக்கு மேல் இதழ் வெள்ளை, அதில் பச்சைக் கோடுகள். மூன்றாவது அழுக்குச் சிவப்பு. உங்களுக்குப் பிடிக்காது, எனக்கு உயிர். நாலாவதில் இதழ் ஓரமெல்லாம் கறுப்பு மருவும் மயிரும். இலையில் பார்த்தால் ஒன்றில் திட்டு அழுத்தமாக, ஒன்றில் தண்ணீர் பட்டு அழிந்த மாதிரி மங்கலாக.

ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பூ இரண்டு மாதம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பொங்கல் லீவுக்கு ஜெபிஷா இங்கே வருகிறாள். நீங்களும் வந்தால் இரண்டு பேரையும் ஒரே கூரைக்கு அடியில் பார்த்துவிட்டு எனக்கு முழங்கால் வலி போய்விடும். என் மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாது, எழுதிவிட்டேன்.

ஞானம்


சேரம்பாடி
18.1.2025

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், பேனா ஓடவில்லை. சுகம் விசாரிப்பது வழக்கம், விசாரிக்கிறேன். காது மந்தம் என்று அத்தை சொன்னார். இங்கே நான், சசி, கீர்த்தனா, மாமியார் எல்லோரும் சுகம். சசி தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். நீங்கள் கேட்டிராத கேள்விகளுக்குப் பதில் முடிந்தது.

பொங்கலுக்கு அரவேணு போனபோதுதான் உங்கள் கடிதங்களை அத்தை காட்டினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் படித்தேன். ஊதாப் புள்ளி, பையின் நிறம் என்று மூன்று கடிதத்திலும் செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு தடவைகூட இல்லை. அத்தையோடும் சண்டை போட்டேன். என் செடியைக் காட்டி உங்களை வரவழைக்கப் பார்த்திருக்கிறார். நான் தூண்டிலில் குத்தின புழு இல்லை.

ஆகையால் செடிகளை எடுத்து வந்துவிட்டேன். சசி ஜீப் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொட்டியையும் வைக்கோலில் பொதிந்து, பூவுக்குக் குச்சி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஒன்றுகூட ஒடியவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை போட்டிருக்கிறோம்.

விவரம் தெரியாமல் கண்காட்சிப் பூவுக்கு மகரந்தம் வைத்தேன் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. நாலு நாளில் வாடும் என்று நன்றாகத் தெரிந்துதான் வைத்தேன். அது அம்மா பெயர் உள்ள செடி. அம்மா பெயரை மேடையில் ஏற்றிக் கைதட்டு வாங்குகிறவர், அம்மா பெற்ற பெண்ணை வாசலில் நிறுத்துவாரா என்ற கோபத்தில் வைத்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. அந்தக் கோபத்தில் பிடித்த காய்தான் இப்போது என் வீட்டில் பூத்திருக்கிறது.

பார்க்க வேண்டுமானால் வாருங்கள். ஆனால் பூவைப் பார்க்க வந்தவராக வராதீர்கள், எங்கள் வீட்டுக்கு வந்தவராக வாருங்கள். சாப்பிட்ட பிறகுதான் பூ. அதற்கு இஷ்டமில்லை என்றால் வர வேண்டாம். பூ உங்களுக்காகப் பூக்கவில்லை.

ஜெபிஷா சசிதரன்


பெங்களூர்
27.1.2025

தங்கை ஞானசுந்தரிக்கு,

சுகம். உன் சுகத்தை அறிய வேண்டும்.

நீ என்ன காரியம் செய்தாய்? பூத்த செடியை யாராவது ஜீப்பில் ஏற்றுவார்களா? அரவேணு குளிரில் வளர்ந்த செடியைச் சேரம்பாடி உஷ்ணத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? திட்டு இலை கொஞ்சம் உஷ்ணம் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே மழை எப்படிக் கொட்டும் என்று யாருக்காவது யோசனை இருக்கிறதா? குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல் வரும். ஒரு செடிக்கு வந்தால் மேசை முழுக்கப் பரவும். மாலையில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இதையெல்லாம் சேரம்பாடியில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? லயத்துக்குப் பின்னால் நிழல்வலையாம்!

சாப்பிட்ட பிறகுதான் பூவாம். எனக்குக் கட்டளை போடுகிற அளவுக்கு எல்லோரும் வளர்ந்துவிட்டீர்கள். நான் யார் வீட்டிலும் போய்க் கை நனைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஐந்தாவது பூ வட்டமா? ஒரு வார்த்தை எழுது. வட்டமா இல்லையா?

தனசிங்


அரவேணு
3.2.2025

அண்ணாவுக்கு,

நான் சுகமாக இல்லை. முழங்காலுக்காகச் சொல்லவில்லை.

பின் மேசை காலியாகிவிட்டது. நீங்கள் கேட்டபடி கழுவியும் வைத்துவிட்டேன், சந்தோஷமா? என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட அவள் தொட்டிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தபோது அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு விடைக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக அவள் தூக்கின விதம் சாட்சாத் நீங்கள்தான். தடுக்கவில்லை. அவள் செய்தது சரி. செடியைக் காட்டி மனுஷனை இழுக்கப் பார்த்த நான்தான் மடச்சி.

இனி நான் கெஞ்ச மாட்டேன், வழக்கு பேச மாட்டேன், தூது போக மாட்டேன். 'கிரேஸ்' பூத்துவிட்டது. கண்காட்சிக்கு நான் தூக்கிக்கொண்டு போவேன் என்று காத்திருக்காதீர்கள். பதினைந்தாம் தேதி நீங்களே வந்து தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது முன் மேசையிலேயே இருக்கட்டும்.

பெங்களூரிலிருந்து கூடலூருக்கு நேர் பஸ் உண்டு. கூடலூரிலிருந்து பந்தலூர் வழியாகச் சேரம்பாடி பஸ் ஏற வேண்டும். அழுகல் நோயைப் பற்றித்தான் கவலை என்றால் அதற்காகவே போங்கள், நான் சிரிக்க மாட்டேன். ஆனால் இந்த மாதத்துக்கு மேல் பூ நிற்காது.

வட்டமா இல்லையா என்று எழுத மாட்டேன்.

ஞானம்


பெங்களூர்
20.2.2025

அன்புள்ள தங்கை ஞானத்துக்கு,

நானும் வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமாக இல்லை என்று எழுதியிருந்தாய். அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

கண்காட்சிக்கு வர முடியவில்லை. வேறு வேலை இருந்தது. 'கிரேஸ்' வீட்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பதினைந்தாம் தேதி சேரம்பாடியில் செடிகளைப் பார்த்தேன். வழி கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கேட்டில் இருந்த காவல்காரர் மரியாதையாக நடந்துகொண்டார். அழுகல் இல்லை. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. ஒரே காயில் இவ்வளவு வித்தியாசம் நான் பார்த்ததில்லை. மீசை தொங்கும் பூவை நான் தராசில் நிறுத்தினால் சல்லிக்காசு பெறாது. ஆனால் பார்க்கப் பார்க்கக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஐந்தாவது வட்டம்தான். மேல் இதழ் தாயைப் போல வெள்ளை, பை மட்டும் வலை பின்னின மாதிரி பச்சை நரம்பு, கீழே அந்தத் திட்டு இலை. வட்டப் பூவைத் திட்டு இலைமேல் என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

தொட்டிகளில் லேபிள் இல்லை. தாய்ச்செடி பெயர் முதலில், தகப்பன்செடி பெயர் அடுத்து, அதற்குக் கீழே கலப்புச் செய்தவர் பெயர் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பாடு காரம்.

தனசிங்


சேரம்பாடி
23.2.2025

என் அன்பான அத்தைக்கு,

நானும் சசியும் கீர்த்தனாவும் மாமியாரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி? போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நடுவில் சிரித்துச் சிரித்து முழுசாகக் கேட்க மாட்டீர்கள். அதுவுமில்லாமல் அப்பா உங்களுக்கு எழுதின கடிதத்தை நீங்கள் போனில் படித்துக் காட்டினபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழி கண்டுபிடிக்கச் சிரமம் இல்லையாம், காவல்காரர் மரியாதையாம்! நடந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு பன்னிரண்டு மணி இருக்கும். அப்பா கேட்டுக்கு வந்து காவல்காரர் சிவகுரு அண்ணனிடம் பூ பார்க்க வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 'பூ பாக்கணும்னா ஊட்டி பார்க்குக்குப் போங்க சார். யாரு வீட்டு ஆளுன்னு சொன்னாத்தான் லயத்துக்குள்ள விடுவேன்' என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா காது கேட்காத மாதிரி நின்றாராம். பிறகு திரும்பி, பையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கூடலூர் பஸ் ஒன்று வந்தது, போனது. அவர் ஏறவில்லை. மறுபடி கேட்டுக்கு வந்தார்.

அப்போது பறித்த தேயிலையை நிறுக்கிற நேரம். லயத்துப் பெண்கள் எல்லோரும் மூட்டையோடு அங்கேதான் வரிசையில் நின்றார்கள். சிவகுரு அண்ணன் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். அப்பாவுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாதே. 'நானு சசிதரனோட மாமனாருங்க! ஜெபிஷாவுக்கு அப்பனுங்க!' என்று போட்ட சத்தத்தில் தராசுக்காரர் எடை எழுதுவதை நிறுத்திவிட்டார். ஃபேக்டரி வாசலில் நின்ற சசிக்கே கேட்டுவிட்டது. அவர் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். அப்பா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கண் பின்பக்கம்தான் போயிற்று. நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மாமியார்தான் சொன்னார்: 'வாங்க சம்மந்தி, கை கழுவிட்டு ஒக்காருங்க. பூவு எங்கயும் ஓடிப் போகாது.' 'சாப்பிட்டுத்தா வந்தனுங்க' என்றார் அப்பா. 'அப்ப நாளைக்கு வந்து பாத்துக்கங்களே' என்றார் மாமியார், சிரித்த முகத்தோடு. அப்பா உட்கார்ந்தார். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். முதல் வாயிலேயே காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தில்தான் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு செடிகளைக் காட்டினேன். அவர் கை இருக்கிறதே, அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லதை வலது பக்கம், எறிய வேண்டியதை இடது பக்கம் என்று நகர்த்த ஆரம்பித்தார். மீசைப் பூ இடது பக்கம் போயிற்று. நான் அதை இழுத்து நடுவில் வைத்தேன். சிவப்புப் பூவைத் தள்ளினார், அதையும் இழுத்தேன். அவர் தள்ள, நான் இழுக்க, இப்படியே போயிற்று. கடைசியில் இரண்டு கையையும் எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு சும்மா பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார்.

போகும்போது ஐந்தாவதைக் காட்டி, 'இதொண்ண எனக்குக் குடு கண்ணு' என்றார். கண்ணு என்று கூப்பிட்டதும் என் கை தொட்டிவரைக்கும் போய்விட்டது, மறைக்க மாட்டேன். ஆனாலும் தர மாட்டேன் என்றேன். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். 'அப்ப நானு ஒவ்வொருக்காவும் இங்க வந்துதா பாக்கோணுமா?' என்றார். ஆமாம் என்றேன். லேபிளில் பெயர் எழுதச் சொன்னாரே, 'ஜெபிஷா சசிதரன்' என்று முழுப் பெயரையும் அவர் எதிரிலேயே எழுதிச் செருகினேன்.

மன்னித்துவிட்டாயா என்று போனில் கேட்டீர்கள். இல்லை அத்தை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பேன். அதுவரைக்கும் பூக்கிறபோதெல்லாம் வரட்டும். வந்து, இலை நிறுக்கிற நேரத்தில் கேட்டில் நின்று, தான் யாரென்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும்.

உங்கள்,
ஜெபிஷா